மலர் அச்சுக்குப் போகும் முன் – நெடுந்தீவு வரலாறு பற்றிக் கொழும்பிலிருந்து

அன்பான ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

நம்முடைய நெடுந்தீவுச் சங்க மலருக்கு வந்த கட்டுரைகளை வாசித்து முடித்துவிட்டேன். வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நேரம் ஒதுக்கி எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆனால் ஒன்றை நேரே சொல்லத்தான் வேண்டும். வரலாறு என்ற தலைப்பில் வந்தவை எல்லாம் ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்ப வாசிப்பது போலவே இருக்கின்றன. வெடியரசன் கோட்டை, ஒல்லாந்தர் கோட்டை, குதிரைகள், பெருக்கு மரம், புறாக்கூடு, பிறகு மறுபடியும் குதிரைகள். காலையில் குறிகட்டுவானில் படகேறி வந்து பின்னேரம் திரும்பிப் போகிற சுற்றுலாக்காரருக்கு இது போதும். நமக்குப் போதாது. அந்தக் குதிரை லாயத்தில் வேலை செய்தவர்கள் யார், சாந்து இல்லாமல் கல்லை அடுக்கி அத்தனை நீளத்துக்கு வேலி கட்டியவர்கள் யார், மழை பொய்த்த வருடங்களில் சனம் எதைச் சாப்பிட்டது, எந்தத் துறையிலிருந்து யார் வள்ளம் விட்டார்கள், முதல் பள்ளிக்கூடத்தில் யார் பிள்ளைகள் படித்தார்கள் என்பதெல்லாம் ஒரு கட்டுரையிலும் இல்லை.

இதைப் போன தடவை எழுதியபோது ஒரு அண்ணன் "எல்லாம் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்து போச்சு தம்பி" என்று பதில் போட்டிருந்தார். அந்த வலி எனக்கும் உண்டு. 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின, அவற்றில் பல இனி எங்கேயும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் நம்முடைய ஊர் பற்றிய எழுத்துகள் எல்லாம் அந்த ஒரு கட்டடத்துக்குள் இருக்கவில்லை. நம்மை ஆண்ட போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் மூன்று பேருமே எழுதித் தள்ளியவர்கள். வரி எடுக்க எழுதினார்கள், ஆள் கணக்கு எழுதினார்கள், மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அதில் பெரிய பங்கு இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது, அதிலும் ஒரு பகுதி நான் இருக்கும் வெள்ளவத்தையிலிருந்து அரை மணித்தியால பஸ் தூரத்தில் இருக்கிறது.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தைத்தான் சொல்கிறேன். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இலங்கையில் விட்டுப்போன ஏடுகள் மட்டும் அங்கே ஏறக்குறைய 7,000 தொகுதிகள், 1640 முதல் 1796 வரை. இந்தக் கம்பனி ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அதற்குப் பிறகு பிரித்தானியர் காலம். 1802இல் தொடங்கிய அரச வர்த்தமானி, 1871 முதல் எடுத்த குடிசன மதிப்பீடுகள், வருடாந்த நிர்வாக அறிக்கைகள், அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள். எனக்கு மிகவும் பிடித்தவை இந்த நாட்குறிப்புகள்தான். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், டைக் 1829 முதல் 1867 வரைக்கும், அவருக்குப் பின் துவைனம் 1869 முதல் 1896 வரைக்கும் இருந்தார்கள். இரண்டு மனிதர்கள் சேர்ந்து அறுபது வருடத்துக்கு மேல் வடமாகாணத்தை நடத்தியிருக்கிறார்கள். இந்த மாதிரி அதிகாரிகள் எழுதிய தாள்களில் மழை, விளைச்சல், மாட்டு நோய், கொலரா, மணியகாரர் என்ற ஊர்த் தலைமை அதிகாரி மேல் வந்த முறைப்பாடு எல்லாம் கலந்து வரும். அழகான வரலாறு எழுத வேண்டும் என்று அவர்கள் எழுதவில்லை, அன்றாட நிர்வாகத்துக்காக எழுதினார்கள். அதனால்தான் நமக்கு அது உதவும்.

அதேநேரம் நம்மை ஆண்டவர்கள் எழுதியதை அப்படியே நம்பவும் கூடாது. நெடுந்தீவைப் போர்த்துக்கேயர் பசுத்தீவு என்று எழுதினார்கள், ஒல்லாந்தர் டெல்வ்ட் என்று தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள், 1811இல் வந்த நோலன் என்ற பிரித்தானியப் படை அதிகாரிக்கு அது குதிரை வளர்க்கும் பண்ணை. மூன்று பேர் கண்ணிலும் மாடும் குதிரையும் பட்ட அளவுக்கு மனிதர்கள் படவில்லை. நம்முடைய மலர்களும் அதே கண்ணோடு எழுதப்படுகின்றன என்பதுதான் என்னுடைய ஆதங்கம்.

ஒல்லாந்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு முக்கியமான சேதி. கம்பனியின் தலைமை ஆவணங்கள் உங்கள் ஹேக் நகரத்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பெரும்பகுதியைப் படம் பிடித்து இணையத்திலும் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். குளோபலைஸ் என்ற ஆய்வுத் திட்டம் அந்தப் பழைய கையெழுத்துப் பக்கங்களில் ஏறக்குறைய 50 லட்சத்தைக் கணினியைக் கொண்டு வாசிக்க வைத்துத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றியிருக்கிறது. முந்தி ஒரு ஆள் ஆயுள் முழுக்க இருந்து பார்க்க வேண்டியதை இப்போது சாப்பாட்டு மேசையில் இருந்தே தேடலாம். ஆனால் டெல்வ்ட் என்று மட்டும் போட்டால் தலை சுற்றும், ஏனென்றால் கம்பனிக்கு ஒல்லாந்தில் இருந்த ஆறு கிளைச் சபைகளில் ஒன்று டெல்வ்ட் நகரத்தில் இருந்தது. புங்குடுதீவுக்கு வைத்த மிடில்பேர்க், அனலைதீவுக்கு வைத்த ரொட்டர்டாம் எல்லாவற்றுக்கும் இதே பிரச்சினைதான். ஆகவே யாழ்ப்பாணப்பட்டணம் என்ற சொல்லோடு சேர்த்துத் தேடுங்கள், போர்த்துக்கேயர் வைத்த பெயரையும் போட்டுப் பாருங்கள். பழைய டச்சு மொழி நமக்கு விளங்காது, அங்கே பிறந்து வளர்ந்த நம்முடைய பேரப்பிள்ளைகளுக்கு ஓரளவு விளங்கும். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து செய்ய இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

லண்டன்காரர்களுக்குக் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். இலங்கை ஆளுநர்கள் குடியேற்ற அமைச்சுக்கு எழுதிய கடிதங்கள் அங்கே சீ.ஓ. 54 என்ற தொடரில் இருக்கின்றன. பொஸ்டன் பக்கம் யாராவது இருந்தால் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஹூட்டன் நூலகம். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் அங்கேதான். தீவுப் பகுதியிலும் அவர்கள் பள்ளிக்கூடங்கள் நடத்தியவர்கள்.

கொழும்பில் வேறு இடங்களும் உண்டு. தேசிய நூதனசாலை நூலகத்துக்கு 1885 முதல் இலங்கையில் அச்சான புத்தகங்களின் பிரதி போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம், ஆகவே வேறெங்கும் இல்லாத ஒரு சின்னப் பாடசாலை மலரோ கோயில் பதிகமோ அங்கே கிடைக்க வாய்ப்புண்டு. நில அளவைத் திணைக்களத்தின் பழைய, மைலுக்கு ஒரு அங்குலம் என்று வரைந்த வரைபடங்களில் நம்முடைய தீவு எப்படி இருந்தது என்று பார்க்கலாம். வெள்ளவத்தையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் எனக்கு நடை தூரம். வீட்டை விட்டு வெளிக்கிட முடியாதவர்களுக்கு 2005இல் ஆரம்பித்த நூலகம் இணையத்தளம் இருக்கிறது. ஈழத்தில் வெளிவந்த மலர்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். சம்பளம் இல்லாமல் வேலை செய்த எத்தனையோ பேரின் உழைப்பு அது. நம்முடைய சங்கத்தின் பழைய மலர்களையும் அங்கே சேர்ப்பதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

பக்கத்து நயினாதீவில் நடந்ததையும் சொல்லவேண்டும். நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல் இருந்தது. எத்தனை தலைமுறை அதைக் கடந்து போய்க் கும்பிட்டிருக்கும். பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து 1963இல் வெளியிட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அது. வெளிநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு வரவேண்டும், வேறு துறைகளுக்கு வருகிறவர்களும் அங்கே வந்து கூட வேண்டும், யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு, சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி என்று விதித்திருக்கிறான். ஊராத்துறை என்பது நம்முடைய ஊர்காவற்றுறைதான். நம்முடைய கடலில் எந்தக் கப்பல் போனது, உடைந்தால் யாருக்கு எவ்வளவு, எல்லாவற்றையும் சிங்கள நாட்டு அரசன் ஒருவன் தமிழில் வெட்டி வைத்திருக்கிறான்! ஒருவர் குனிந்து வாசித்ததால் நமக்குத் தெரிந்தது.

சரி, இனி உங்கள் வீட்டுக்குள் வருகிறேன். எனக்கு உண்மையில் கவலை கச்சேரி ஏடுகளைப் பற்றியதல்ல. அவற்றைக் காப்பதற்குச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் அலுமாரிகளைப் பற்றித்தான் கவலை.

அம்மாவின் சீதன உறுதி, அதாவது சீதனமாகக் கொடுத்த காணியின் பத்திரம், என்னிடம் இருக்கிறது. மடித்த இடங்களில் கிழிந்த, மண்ணிறமான தடித்த தாள், முத்திரை ஒட்டியது, நொத்தாரிசின் கையொப்பம். இரண்டு பக்கம்தான், ஆனால் அதற்குள் ஒரு குறிச்சியே இருக்கிறது. காணிக்கு ஒரு பெயர், இன்றைக்கு ஊரில் யாருமே சொல்லாத பெயர். பரப்பு, குழிக் கணக்கு, அது வரகு அளவா நெல் அளவா என்ற குறிப்பு, அதாவது எவ்வளவு தானியம் விதைக்கலாம் என்பதை வைத்து நிலத்தை அளந்த காலத்தின் கணக்கு. கிழக்கே யாருடைய காணி, வடக்கே எந்த ஒழுங்கை, தெற்கே இன்னாரின் பெண்சாதிக்குச் சீதனமாகப் போன நிலம். நின்ற பனைகள். பங்குக் கிணறு, அதற்குப் போகும் வழிவாய்க்கால். எல்லாவற்றுக்கும் மேலாக முன்னைய உறுதியின் இலக்கமும் திகதியும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயரும். அந்த இலக்கத்தைப் பிடித்தால் இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போகலாம், அங்கிருந்து இன்னும் ஒன்று.

யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையை 1706–07இல் ஒல்லாந்த அதிகாரி இசாக்ஸ் தொகுத்து எழுதிய காலத்திலேயே தாயின் சீதனம் மகளுக்குப் போகும் வழக்கம் அதில் பதிவாகியிருக்கிறது. ஆகவே இந்த உறுதிகளை அடுக்கினால் வேறு எந்தப் புத்தகத்திலும் வராத நம்முடைய ஆச்சிமாரின் பெயர்கள் வரிசையாக வரும். வம்சாவளி என்று நம்மவர்கள் எழுதுகிறவற்றில் ஆண்கள் பெயர்தான் இருக்கும், உறுதியில் பெண்கள் பெயர் இருக்கும்.

இந்தத் தாள்கள் இப்போது ரொறன்ரோவிலும் பரிசிலும் சூரிச்சிலும் இருக்கின்றன. ஊரை விட்டு ஓடியபோது உடுப்பை விட்டுவிட்டு உறுதியைச் சேலைக்குள் மடித்து எடுத்து வந்த தாய்மாரை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாய் போன பிறகு, தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை வீட்டைத் துப்புரவு செய்யும்போது அது எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். படங்களும் அப்படித்தான். கல்யாணப் படத்தில் இருபது பேர் நிற்பார்கள், பெயர் தெரிந்த கடைசி ஆள் இன்றைக்கு நர்சிங் ஹோமில் இருப்பார். இந்தக் கிழமையே போய்க் கேட்டு எழுதுங்கள். பின்பக்கத்தில் பேனாவால் அழுத்தி எழுதவேண்டாம், முன்பக்கம் தழும்பு விழும், மென்மையான பென்சில் போதும்.

குமுதினியைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. 1985 மே 15, அந்தப் படகில் போன நம்முடைய சனத்தைக் கடலில் வெட்டிக் கொன்ற நாள். மலர்களில் ஒரு அஞ்சலிப் பக்கம் போடுகிறோம், அது வேண்டியதுதான். ஆனால் அன்று மாவிலித்துறையில் அந்தப் படகில் ஏறியவர்களை வழியனுப்பியவர்கள், செய்தி வந்ததும் ஓடிப்போனவர்கள், உடல்களைத் தூக்கியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று சிறுவர்களாக இருந்தவர்களுக்கே இப்போது ஐம்பதுக்குக் கிட்ட. பேச விரும்புகிறவர்களிடம், விரும்பினால் மட்டும், கைபேசியில் பதிவு செய்யுங்கள். இடையில் குறுக்கிட வேண்டாம், அழுதால் நிறுத்திவிடுங்கள். அந்த வாரத்து வீரகேசரி, தினகரன் பக்கங்களைச் சுவடிகள் திணைக்களத்துப் பத்திரிகைச் சேகரிப்பில் நான் பார்க்கிறேன்.

அப்புறம், மலரை ஆறு மாதம் தள்ளிப் போடலாம் என்பது என்னுடைய எண்ணம். சிலருக்குக் கோபம் வரும், விளம்பரக் காசு வாங்கியாயிற்று என்றும் சொல்வீர்கள். அவர்களோடு நான் பேசுகிறேன். வரலாற்றுப் பகுதியில் புதிதாக நான்கு பக்கம் வந்தாலும் போதும், ஆனால் அந்த நான்கு பக்கமும் வேறு மலரிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது.

உறுதிகளை அனுப்புகிறவர்கள் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், நேர் மேலேயிருந்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள், பொது மடலில் போடவேண்டாம். வழக்கில் இருக்கிற காணி என்றால் அனுப்பவே வேண்டாம், காணிப் பெயரையும் எல்லைகளையும் மட்டும் எழுதினால் போதும். ஒரு கிளாக்கர் மாதிரி இருந்து குறிச்சி வாரியாக அட்டவணை போட நான் தயார். கொழும்பில் இருக்கிறவர்கள் யாராவது சுவடிகள் திணைக்களத்துக்கு என்னோடு வர முடியுமென்றால் அடையாள அட்டையோடு வாருங்கள், முதல் தடவை பதிவு செய்யவேண்டும். ஹேக்கில் இருக்கும் தங்கச்சி, நீங்கள்தான் முதலில் பதில் போடவேண்டும், உங்கள் மகள் பழைய டச்சு வாசிப்பாளா என்று கேட்டுச் சொல்லுங்கள்.