வரிக் கும்குவாட்டில் முழுப் பச்சைக் கிளை: வெட்டணுமா?

தொட்டிப்பிரியை:
என்கிட்ட சென்டெனியல் ரகக் கும்குவாட் இருக்கு, குட்டி ஆரஞ்சு மாதிரி காய்க்கும் செடி. அதில் இலையெல்லாம் பச்சையும் வெள்ளையும் கலந்திருக்கும். இப்போ ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையா, மத்ததை மிஞ்சி வளருது. வெட்ட மனசு வரல. காயில் இருந்த வரியும் மங்குது. நோயா?

பழைய கத்தரி:
வரி மங்கினா பழுக்குதுன்னு அர்த்தம். பழம் வெறும் ஆரஞ்சு நிறம்தான். கிளை எங்கே கிளம்புதுன்னு பாருங்க. ஒட்டுக்குக் கீழே, அதாவது வேறொரு செடி மேல இந்த ரகத்தை ஒட்டின இடத்துக்குக் கீழே, காம்புக்கு மூணு இலை, நீள முள்ளுன்னா அது அந்த அடிச்செடி. யோசிக்கவே வேண்டாம், எடுத்துடுங்க. ஒட்டுக்கு மேலேன்னா வரி போய்ப் பழைய பச்சைக்குத் திரும்புது. இந்த ரகமே நாகமிங்கிற பச்சை இலைக் கும்குவாட்டிலிருந்து வந்ததுதானே. முழுப் பச்சை இலைக்குப் பச்சையம் அதிகம், விட்டா செடி பூரா அதுதான். அடியோட நறுக்குங்க.

புளிப்பன்:
அழகுக்குன்னா வெட்டுங்க. தின்னத்தான்னா இருக்கட்டுமே! தோலோட மெல்லணும், இனிப்பு தோல்லதான். உரிச்சுத் தின்னுட்டுப் புளிக்குதுன்னு திட்டுறவங்கதான் அதிகம்.

தொட்டிப்பிரியை:
ஒட்டுக்கு மேலேதான். அதில் பிஞ்சு நிக்குது, பழுத்ததும் வெட்டுறேன்.

பழைய கத்தரி:
கும்குவாட் பழுக்க மாசக்கணக்காகும். அதுக்குள்ள அந்தக் கிளை உங்களைக் கேட்காது.