புதுப்பிப்பு: காட்பாடியிலிருந்து சினிமா படிக்க வந்தாச்சு

நடிப்பு, திரைக்கதை, இயக்கம் மூன்றையும் எங்கே கற்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. இப்போது சென்னையில் ஒரு திரைப்படப் பள்ளியில் படிக்கிறேன்.

திரைக்கதைதான் என்னை முழுசாக இழுத்துக்கொண்டது. ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். கண்ணுக்குத் தெரியாததையும் காதில் விழாததையும் எழுதக் கூடாது. 'வருந்தினான்' என்று எழுதினால் போதாது, வருந்துபவன் என்ன செய்வான்? வேலூர் கோட்டை அகழியோரம் உட்கார்ந்து, வாங்கி வந்த பொரியைப் பிரிக்காமலே வைத்திருப்பான். அப்படித்தான் என் முதல் காட்சியை எழுதினேன்.

இயக்கத்தில் இப்போது 180 டிகிரி விதி. இருவர் பேசும்போது அவர்களுக்கிடையிலான கற்பனை நேர்க்கோட்டைக் கேமரா தாண்டினால் திரையில் அவர்கள் பார்க்கும் திசை மாறிவிடும்.

நடிப்புக்கு என் ஆசை வேறு: நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துப் புரிசை கிராமத்தில் தெருக்கூத்து. விடிய விடிய ஆடும் உடம்பும் குரலும் எனக்கு வேண்டும். விடுமுறையில் அங்கேதான் போகிறேன்.