ஜாஸை ஜாஸ் ஆக்குவது எது? பங்க்கோடு வைத்துப் பார்த்தால்...

சுருதிப்பிசகு:
சாக்ஸபோன் ஒலித்தால் ஜாஸ், மூன்று கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து) கத்தலும் இருந்தால் பங்க் என்கிற விடை போதவில்லை. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற பங்க் குழு 1977-லேயே பங்க்குக்குள் சாக்ஸபோனைக் கொண்டுவந்துவிட்டது. 'ஜாஸ் என்றால் மனோதர்மம் (அப்போதைக்கப்போது கற்பனையில் வாசிப்பது)' என்பதும் முழுசாகப் பொருந்தவில்லை. பெரிய வாத்தியக் குழுக்களில் தாளில் எழுதி வைத்ததைத்தானே நிறைய வாசிக்கிறார்கள்? வேகமும் அளவுகோல் ஆகாது. ஜாஸ் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரின் 'கோ-கோ' (1945) நிமிடத்துக்கு 300 தாள அடியை ஒட்டி ஓடுகிறது. பங்க் குழுவான ராமோன்ஸின் முதல் ஆல்பம் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

காதால் கேட்டே பிரித்தறிய ஒரு வழி சொல்லுங்கள். கூடவே, ஏ, டி, இ என்று மூன்றே கார்டில் ஓடும் பங்க் பாட்டு ஒன்றை ஜாஸாக வாசிக்க எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பழைய_இசைத்தட்டு:
இரண்டாம் சுற்றைக் கேளுங்கள். முதல் சுற்றை வைத்து ஏமாந்துவிடலாம், இரண்டாவதில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வழக்கமான ஜாஸ் உருப்படிக்கு 12 அல்லது 32 பார் (பெரும்பாலும் நாலு அடி கொண்ட தாளக் கட்டம்) நீளம்; அதுதான் ஒரு சுற்று. மெட்டை ஒருமுறை வாசிப்பார்கள், கடைசியில் இன்னொரு முறை. நடுவில் அதே பார்கள், அதே கார்டு வரிசை திரும்பத் திரும்பச் சுற்றும். மேலே வரும் மெட்டு மட்டும் சுற்றுக்குச் சுற்று புதிது. மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' (1959) இதற்கு நல்ல பாடம். 16 பார் டி டோரியன் (டி-யில் தொடங்கும் ஒரு சுர வரிசை), 8 பார் அரை சுரம் மேலே இ-ஃபிளாட் டோரியன், மறுபடி 8 பார் டி. சட்டகம் அவ்வளவுதான். அதை எண்ணிக்கொண்டே கேட்டால் ஒவ்வொரு வாசிப்பாளரும் 17-ஆவது பாரில் எப்படித் தாவுகிறார் என்பதுதான் கச்சேரியே.

பங்க்கில் இரண்டாம் சுற்றில் வார்த்தை மாறும், சுரம் மாறாது. மாறினால் யாரோ தப்பு செய்கிறார்கள் என்று அர்த்தம். ராமோன்ஸின் முதல் ஆல்பத்தில் (1976) 29 நிமிடத்தில் 14 பாட்டு. தனி வாசிப்புக்கு வேண்டுமென்றே இடம் விடவில்லை. அங்கே பாட்டுதான் சரக்கு. ஜாஸில் பாட்டு, கட்டடம் கட்டப் போடும் சாரம். கட்டி முடித்ததும் அதைப் பிரித்தே போட்டுவிடலாம். நீங்கள் சொன்ன 'கோ-கோ'வே 'செரோக்கி' என்ற பாட்டின் கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மெட்டைத் தூக்கியெறிந்த உருப்படிதான்.

எழுதி வாசிப்பது பற்றி: டியூக் எல்லிங்டன் குழு 1940-இல் பதிவு செய்த 'கான்செர்ட்டோ ஃபார் கூட்டி'யில் மனோதர்மம் அநேகமாக இல்லை. ஆனால் அது கூட்டி வில்லியம்ஸின் டிரம்பெட் தொனிக்கும், குழலின் வாயை மூடித் திறந்து அவர் எழுப்பும் உறுமலுக்கும் அளவெடுத்துத் தைத்தது. ஆள் மாறினால் சட்டை பொருந்தாது. பங்க் இதற்கு நேர் எதிர்: யார் போட்டாலும் பொருந்தும் சட்டையைத் தைப்பதுதான் அதன் கொள்கை. 'இது ஒரு கார்டு, இது இன்னொன்று, இது மூன்றாவது, இனி குழு தொடங்கு' என்று 1977 ஜனவரியில் 'சைட்பர்ன்ஸ்' என்ற ரசிகர் இதழ் படம் போட்டுக் காட்டியது. அதே மாதம் பஸ்காக்ஸ் என்ற பங்க் குழுவினர் நான்கு பாட்டைச் சொந்த லேபிளில் முதலில் 1000 தட்டுகள் அடித்து விற்றார்கள்.

ரைடு_சிம்பல்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் இரண்டாம் சுற்று வரை ஏன் காத்திருக்க வேண்டும்? நான்கு பாரில் தெரிந்துவிடும். நடையைக் கேளுங்க.

பங்க்கில் ஒரு அடிக்கு இரண்டு சம துண்டு. நிமிடத்துக்கு 180 அடி என்றால் ஒவ்வொரு துண்டும் 167 மில்லிசெகண்ட். ஹை-ஹேட்டும் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) கிட்டாரும் பாஸும் மூன்றும் அதே துண்டின் மேல் விழும். பாரின் நாலு அடியில் பாஸ் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 1, 3, ஸ்னேர் (குச்சியால் அறையும் சின்ன டிரம்) 2, 4, ஸ்னேர்தான் சுத்தியல்.

ஜாஸ் சுவிங்கில் அடி சமமாகப் பிளக்காது. 'தகிட'வை எடுத்துக்கொண்டு நடுவில் உள்ள 'கி'யை விழுங்கிவிடுங்க: த...ட, த...ட. 120 அடி வேகத்தில் முன்துண்டு 333 மில்லிசெகண்ட், பின்துண்டு 167. இது நடு வேகத்துக்கான கணக்கு. வேகம் கூடக் கூட இரண்டு துண்டும் சமமாகிக்கொண்டே போகும். 'கோ-கோ' வேகத்தில் கிட்டத்தட்ட சமம்தான். அப்போதும் சுவிங் ஏன் கேட்கிறது? அழுத்தம் பின்துண்டில் விழுவதால். வேகமான ஜாஸையும் பங்க்கையும் பிரிக்கும் இடம் அதுதான்.

இன்னொன்று, காலம் யார் கையில் இருக்கிறது? ஜாஸில் வலது கை தட்டும் ரைடு சிம்பலிலும் (பெரிய உலோகத் தட்டு) பாஸிலும். ஹை-ஹேட்டை இடது கால் 2, 4-இல் மூடும். பாஸ் டிரம்மை நாலு அடிக்கும் தொடுவார்கள், ஆனால் காதில் விழக்கூடாது, உடம்பில்தான் தெரியணும். ஸ்னேருக்குக் காலம் காட்டும் வேலையே கிடையாது. வாசிப்பவரோடு பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்வதுதான் அதன் வேலை. பங்க் டிரம்மர் ஜாஸுக்கு வந்தால் முதலில் சொதப்புவது இங்கேதான்: கை பழக்கத்தில் 2, 4-இல் ஸ்னேரை அறைவார். அந்த ஒரு அடியில் மொத்தமும் ராக் ஆகிவிடும்.

நாலாம்_கம்பி:
கிட்டார் பக்கத்தை நான் சொல்கிறேன். பங்க்கில் பவர் கார்டுதான் (ஆதார சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும்) வாசிக்கிறார்கள் என்றால் அதற்குச் சோம்பேறித்தனம் காரணமல்ல. ஆம்ப்பை (ஒலிபெருக்கி) முறுக்கி டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் சிதைவு) ஏற்றினால் இரண்டு சுரங்களுக்கு இடையிலான வித்தியாசமும் மூன்றாவது சுரமாக ஒலிக்கும். ஏ 110 ஹெர்ட்ஸ், இ ஏறக்குறைய 165. வித்தியாசம் 55, அதுவும் ஏ-தான், ஒரு ஸ்தாயி கீழே. இலவசமாக ஒரு பாஸ் கிடைத்தது போல. இ-க்குப் பதில் சி-ஷார்ப் வைத்தால் 138.6, வித்தியாசம் 28.6. அது 27.5 ஆக இருந்தால்தான் ஏ. இந்தப் பிசகுதான் மேஜர் கார்டைச் சேறாக்குகிறது. ஏழாம், ஒன்பதாம் சுரங்களைச் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் ஜாஸ் கிட்டார் சுத்தமான ஒலியில், கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில், டோனைக் குறைத்து வாசிக்கப்படுகிறது.

ஜாஸ் கார்டுகளில் சுவை அந்த மூன்றாம் சுரத்திலும் ஏழாம் சுரத்திலும்தான். டி மைனர் செவனில் எஃப், சி இரண்டை மட்டும் பிடியுங்கள். சி-யை அரை சுரம் இறக்கி பி ஆக்கினால் ஜி செவன். பிறகு எஃப்-ஐ அரை சுரம் இறக்கி இ ஆக்கினால் சி மேஜர் செவன். மூன்று கார்டுக்கு இரண்டு விரல் அசைவு. பங்க்கில் கை முழுசாகக் கழுத்தில் தாவும். இங்கே கை நகரவே நகராது.

இனி உங்கள் ஏ, டி, இ. வேகத்தை 140-க்குக் குறையுங்கள். டிஸ்டார்ஷன் அணையட்டும். இ வரும் பாரை இரண்டாகப் பிளந்து முதல் இரண்டு அடிக்கு பி மைனர் செவன், அடுத்த இரண்டுக்கு இ செவன். பாஸ் ஒரே சுரத்தைப் பாருக்கு எட்டெட்டாக அடிப்பதை விட்டு அடிக்கு ஒரு சுரமாக நடக்க வேண்டும்: ஏ-இலிருந்து டி-க்குப் போகும் பாரில் ஏ, சி-ஷார்ப், இ, இ-ஃபிளாட், அடுத்த பாரின் முதல் அடியில் டி. அரை சுரம் மேலிருந்து இறங்குவதுதான் ருசி. சுற்று இத்தனை பார் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் மூச்சு விடும் இடத்தில் பங்க் பாட்டில் ஒற்றைப்படையாக ஒரு பார் ஒட்டியிருக்கும். பாடும்போது தெரியாது, தனி வாசிப்பில் ஆளாளுக்கு வேறு இடத்தில் நிற்பார்கள்.

சுருதிப்பிசகு:
இரண்டு சந்தேகம். டிரம்ஸில் 'த...ட'வை அப்படியே வைத்தால் புளூஸ் ஷஃபிள் மாதிரி கேட்கிறதே? சுவிங்கும் கார்டும் இல்லாத ஃப்ரீ ஜாஸை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ரைடு_சிம்பல்:
ஷஃபிளில் எல்லா அடியும் 'த...ட' பிளக்கும். ரைடில் 1, 3 பிளக்காது, 2, 4 மட்டும்தான்: டிங், டிங்...க, டிங், டிங்...க. 2:1 என்று கணக்குப் பார்த்து விறைப்பாக வாசித்தாலும் ஷஃபிள் வாடை வரும்; கொஞ்சம் தளர்த்துங்க.

பழைய_இசைத்தட்டு:
ஃப்ரீ ஜாஸில் சட்டகம் போனது, பதில் பேச்சு போகவில்லை. ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பரில் பதிவு செய்த 'ஃப்ரீ ஜாஸ்' 37 நிமிடம். எட்டுப் பேர், இரண்டு நால்வர் குழுவாக, ஒன்று இடது ஸ்பீக்கரில், இன்னொன்று வலதில். ஒருவர் முன்னே வாசிக்க மற்றவர்கள் அங்கேயே பதில் சொல்கிறார்கள். 1989-இல் ஜான் ஸோர்ன் இதே கோல்மனின் உருப்படிகளை ஹார்ட்கோர் பங்க் (பங்க்கின் இன்னும் வேகமான வகை) வேகத்தில் அடித்து ஒரு ஆல்பம் போட்டார். எதிர்த்திசையில் பேட் பிரெயின்ஸ்: மைண்ட் பவர் என்ற பெயரில் ஜாஸ் ஃபியூஷன் (ஜாஸும் ராக்கும் கலந்தது) வாசித்த குழு, பங்க்குக்கு மாறியது. விரலில் இருந்த வித்தை அப்படியே இருந்தது, இரண்டாம் சுற்றில் அதைக் காட்டுவதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

நாலாம்_கம்பி:
தலைகீழாக, ஜாஸ் உருப்படியைப் பங்க் ஆக்கிப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பவர் கார்டில் மேஜரும் மைனரும் ஒன்றுதான், மூன்றாம் சுரம் இல்லையே. அதைப் பாடகர் சரியாகப் பிடிக்காவிட்டால் பாட்டு சோகமா குதூகலமா என்றே தெரியாது. பாருக்கு இரண்டு கார்டு வரும் இடங்களில் முதல் கார்டை வெட்டிவிடுங்கள். 180-இல் வெறும் கீழ்வீச்சாக அடித்தால் செகண்டுக்கு ஆறு வீச்சு; அதற்கு நடுவில் இடது கை அத்தனை தடவை தாவாது.