பழைய கேம்பரை, அதாவது பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைக்கும் குடியிருப்புப் பெட்டியை, வீட்டில் பிரித்துக் கட்டியவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத சம்பவம் எது?

உளிச்சத்தம்:
கேபினுக்கு மேலே நீட்டி நிற்கும் படுக்கை, வலது முன் மூலை. எல்லாருக்கும் உக்கிப்போகிற அதே இடம்தான், விளக்கத் தேவையில்லை. மூலைப் பட்டையைக் கழற்றிவிட்டு அலுமினியத் தகட்டை ஒரு கையால் தூக்கினேன். உள்ளே இருந்து தண்ணீர் வந்தது. சொட்டவில்லை, ஓடியது. முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. வெயில் காலம் முழுக்க வண்டி கொட்டகைக்குள்தான் நின்றது, தண்ணீர்த் தொட்டியும் காலி. வெப்பம் தடுக்க உள்ளே திணித்திருந்த கண்ணாடிக் கம்பளி அத்தனை நாளும் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. பிழிந்தால் கறுப்புத் தேநீர் மாதிரி வந்தது.

சட்டக் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புத் தூள்தான் இருந்தது. ஸ்டேப்பிள் முட்கள் மட்டும் வரிசை கலையாமல் தகட்டில் நின்றன. அவை பிடித்துக்கொள்ள அங்கே மரமே இல்லை. அந்தப் படுக்கையில்தான் என் பிள்ளைகள் இருவரும் தூங்கினார்கள். உள்பக்கப் பலகையில் ஒரு கறைகூடக் கிடையாது! விற்றவர் 'ஈரமே இல்லாத பெட்டி' என்றார், அவருக்கும் இது தெரிந்திருக்காது என்றே நம்புகிறேன். தண்ணீர் எந்த வழியாக நுழைந்தது என்பது இன்றைக்கும் பிடிபடவில்லை. புதுக் கட்டை போட்டு, எல்லா விளிம்பிலும் சிலிக்கான் பசை வைத்து அடைத்திருக்கிறேன்.

பழையஇரும்பு:
எனக்கு ஜாக். நாலு மூலையிலும் ஜாக் கொடுத்துப் பெட்டியைத் தூக்கி, பிக்கப்பை அடியிலிருந்து முன்னால் நகர்த்திவிட்டோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரி. தம்பி தரைப்பலகையைப் பார்க்க அடியில் போய், டார்ச் எடுக்க வெளியே வந்தான். அப்போது பின் மூலையில் துணி கிழிவது போல ஒரு சத்தம். ஜாக் அசையாமல் நிற்கிறது, பெட்டி மட்டும் கீழே இறங்குகிறது. ஜாக்கைப் பெட்டியோடு பிடித்திருந்த நீளத் திருகாணிகள் அத்தனையும் உக்கிப்போன மரத்தோடு வெளியே வந்துவிட்டன. திருகாணியில் துரு இல்லை, வளையவும் இல்லை.

தம்பி கையில் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு அதைப் பற்றிப் பேசவே இல்லை. இப்போது யார் வீட்டில் இப்படித் தூக்கி வைத்திருந்தாலும், அடியில் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்கிறேன். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான். வேலை நடக்கும்போது பாரத்தை அடுக்கிய கட்டைதான் தாங்க வேண்டும்.

மூலைப்பட்டை:
உளிச்சத்தம் நண்பரே, உங்கள் கதையைவிட அந்தக் கடைசி வரிதான் எனக்குத் திக்கென்றது. சிலிக்கானா? தயவுசெய்து இன்னொரு மழைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

நான் வாங்கிய பெட்டியின் கூரை முழுக்க முன்னால் இருந்தவர் சிலிக்கான் பூசியிருந்தார். ஒரு முனையைக் கிள்ளி இழுத்தேன், முழு நீளமும் ஒரே பட்டையாகக் கையோடு வந்தது. அடியில் பச்சையாகப் பாசி. அவ்வளவுதான் என் கதை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சிலிக்கான் காய்ந்த இடத்தில் வேறு எந்தச் சீலன்ட்டும் (இடுக்கு அடைக்கும் பசையும்) ஒட்டாது, புதுச் சிலிக்கானே சரியாக ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று தங்கிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, அதற்கென்று விற்கும் கரைப்பானால் துடைத்து, மறுபடி வழிக்க வேண்டும். கூரை ரப்பராக இருந்தால் பெட்ரோல் வகைக் கரைப்பான் பக்கமே போகாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். மூலைப் பட்டை, ஜன்னல் சட்டம், விளக்கு எல்லாவற்றுக்கும் அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வைக்க வேண்டும். அது காய்ந்து கெட்டியாகாது, வெயிலில் தகடு விரிந்து சுருங்கும்போது கூடவே இழுபட்டுக் கொடுக்கும். திருகாணிகளை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். பாதி இறுக்கி விட்டுவிட்டு, அடுத்த நாள் வெயில் ஏறியதும் இன்னொரு சுற்று, அப்புறம் இன்னொன்று. பக்கவாட்டில் பிதுங்குவதை மழுங்கின கத்தியால் வெட்டிவிடலாம். பழைய துளை பெருத்திருந்தால் அதே திருகாணி பிடிக்காது. துளையை எபாக்சிப் பசையால் அடைத்துப் புதிதாகத் துளையிடுங்கள். கட்டையை மாற்றும்போது உக்கியது முடிகிற இடத்தில் வெட்டக் கூடாது, நல்ல மரத்துக்குள் ஒரு சாண் போய் வெட்டி, பாதிப் பாதி செதுக்கி ஒன்றின் மேல் ஒன்று அமர்த்திப் பசை போட வேண்டும். ஈரமானி இருந்தால், மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை எதையும் மூடாதீர்கள். 20-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வாசல் திறந்த மாதிரிதான். முடிந்தால் சட்டத்துக்கு ரசாயனம் ஏற்றிய மரமே போடுங்கள், இன்னொரு தடவை உக்காது.

மழைக்காரி:
மரம், தண்ணீர் என்றே எல்லாரும் பேசுகிறீர்கள். எனக்கு நடந்தது கேஸ் அலமாரியில்.

சிலிண்டர் வைக்கும் அந்தச் சின்ன அலமாரியின் அடியில் வெளியே திறக்கும் ஒரு துவாரம் உண்டு இல்லையா? குளிர் காற்று வருகிறது என்று முன்னால் இருந்தவர் அதில் பலகை வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, மேலே பெயின்டும் அடித்திருந்தார். மிகவும் பொறுமையாக, அழகாகச் செய்த வேலை. ரெகுலேட்டர் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழி மெதுவாகப் பெருத்து, உடைந்து, அதே இடத்தில் அடுத்தது கிளம்பியது. சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். வெளியேறும் வழியை அடைத்துவிட்டால் அது வீட்டுக்குள்தான் வரும். அந்த அலமாரிக்கும் படுக்கைக்கும் நடுவே இருந்தது ஒரு மெல்லிய பலகை.

அந்த டேப்பை அத்தனை கவனமாக ஒட்டிய கைதான் கண்ணுக்குள் நிற்கிறது. தன் வீட்டாருக்குக் குளிரக் கூடாது என்று செய்திருப்பார்கள். பலகையைப் பிடுங்கினேன், ரெகுலேட்டரையும் ரப்பர்க் குழாயையும் புதிதாக மாற்றினேன். செம்புக் குழாய் சட்டத்தில் உரசும் இடங்களில் உறை போட்டேன். கேஸ் அலாரத்தைத் தரை ஒட்டி வைத்தேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் அதிலிருந்து வேறு, அதுவும் வேண்டும்.

எடைமேடை:
மூலைப்பட்டை சொன்னதில் பாதியை வரிக்கு வரி ஏற்கிறேன். ரசாயனம் ஏற்றிய மரம் என்பதை மட்டும் ஏற்க முடியாது. அந்த மரங்களில் பெரும்பாலும் செம்பு உப்பு இருக்கும். ஈரம் பட்டால் அது அலுமினியத் தகட்டை அரிக்கும், சாதாரண ஸ்டேப்பிளையும் தின்னும். உளிச்சத்தம் வீட்டுப் பெட்டி அலுமினியம். உக்காத கட்டையின் மேல் ஓட்டைத் தகடு போர்த்தி என்ன பயன்?

கனமும் இருக்கிறது. கட்டி முடித்த பெட்டியை ஏற்றிக்கொண்டு எடை மேடையில் நிறுத்தினேன். பின் அச்சுக்கு வண்டிக் கதவு ஓரத்தில் எழுதியிருந்த வரம்பையும் தாண்டி முள் போய் நின்றது. தண்ணீர் இன்னும் நிரப்பவே இல்லை. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் 3 மி.மீ. கனத்தில் ஏறக்குறைய 5 கிலோ, 12 மி.மீ. என்றால் 20 கிலோ பக்கம் வரும். உறுதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு சுவரிலும் கனத்தைக் கூட்டினால் கணக்கு எங்கே போகும்? 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. பெட்டியின் கனமையம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நான் உள் அலமாரிகள் அனைத்தையும் கழற்றி மெல்லிய பலகையில் திரும்பச் செய்தேன்.

மூலைப்பட்டை:
என் பெட்டி ஃபைபர்கிளாஸ், செம்பு அதை ஒன்றும் செய்யாது. என் அனுபவத்தில் பார்த்ததைத்தான் சொன்னேன். அலுமினியம் என்றால் போராக்ஸ் வகை ஏற்றிய மரம் போடலாம், அது உலோகத்தை அரிக்காது.

எடைமேடை:
தண்ணீரில் கரைந்து போகும் உப்பு அது. கசிவு இருக்கும் இடத்தில் எத்தனை நாள் நிற்கும்? காய்ந்த நல்ல மரம், சரியான பியூட்டைல், அது போதும்.

மேல்படுக்கை:
இருவரும் மரத்தைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். உளிச்சத்தம் கேட்டது தண்ணீர் வந்த வழியை. எனக்கும் அதே மூலை. குழாயால் பீய்ச்சிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கூரைக் காற்றுப்போக்கியைக் கழற்றி, இலை ஊதும் மெஷினை அந்தத் துளையில் அட்டையும் டேப்பும் வைத்துப் பொருத்தி, உள்ளே திறந்திருந்த வாய்களை எல்லாம் அடைத்து, குறைந்த வேகத்தில் ஓடவிட்டேன். மனைவி ஏணியில் நின்று விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்தாள். நான் சந்தேகப்பட்ட மூலைப் பட்டையில் அசைவே இல்லை. முன் விளிம்பில் வரிசையாக இருக்கும் சின்ன விளக்குகளில் நடுவில் இருந்ததைச் சுற்றி நுரை பொங்கியது. சிதைந்த மூலைக்கும் அந்த விளக்குக்கும் கையை விரித்தால் எட்டாத தூரம். கம்பிக்குப் போட்ட துளை வழியாக இறங்கிய தண்ணீர், குறுக்குக் கட்டையைப் பிடித்து நகர்ந்து, மூலையில் போய்த் தேங்கியிருக்கிறது.

ஊதுவதற்கு முன்னால் கேஸை மூடிவிடுங்கள். வேகத்தைக் கூட்ட வேண்டாம், தகடு புடைக்கும். முதலில் அந்தச் சின்ன விளக்குகளைப் பாருங்கள், எங்கே நுரை வந்தது என்று இங்கே எழுதுங்கள்.