ஒப்புக்கொடுத்தும் இளைப்பாறுதல் இல்லை, வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மியான்மரின் மாண்டலேயில் இருந்து எழுதுகிறேன். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு எனக்கு நிம்மதியே போய்விட்டது. வீடு நிற்கிறது, பிள்ளைகள் சுகம். ஆனாலும் நடுராத்திரியில் விழித்து, மேசைமேல் இருக்கிற தம்ளரில் தண்ணீர் அசைகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

உபவாசம் இருந்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, சமாதானம் வரவில்லை. பாரஞ்சுமக்கிறவர்களை இயேசு தம்மிடம் அழைத்து இளைப்பாறுதல் தருவேன் என்கிற மத்தேயு 11:28 மனப்பாடம். 30ஆம் வசனத்தில் இயேசு தம் சுமை இலகுவானது என்கிறாரே, அங்கேதான் நிற்கிறேன். காலையில் முழங்காலில் நின்று பிள்ளைகளை அவர் கையில் ஒப்படைக்கிறேன். சாயங்காலம் அவர்கள் வர பத்து நிமிடம் பிந்தினால் போதும், எல்லாப் பாரமும் திரும்ப என் தோளில். பாடும்போது இருந்த சந்தோஷமும் காணோம். சங்கீதம் 131இல் வரும் பால் மறந்த குழந்தையைப்போல் அமர்ந்திருக்கத்தான் ஏங்குகிறேன்.

ஒப்படைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் இருக்க, நீங்கள் அன்றாடம் என்ன செய்கிறீர்கள்?