பிராங்க்பர்ட் கண்காட்சிக்கு முதல் தடவை போறவங்களுக்கு

கரூர்த்தறி:
ஜனவரியில நடக்கற ஹைம்டெக்ஸ்டில் வீட்டுத் துணிக் கண்காட்சிக்கு எங்க யூனிட்ல இருந்து 5 பேர் போறாங்க. ஒருத்தருக்கும் ஐரோப்பா பழக்கமில்லீங்க. பிராங்க்பர்ட்டுக்குள்ள ரூம் வாடகை கட்டுபடியாகாம பக்கத்து ஊரு மைன்ஸ்ல போட்டிருக்குது. ஏர்போர்ட்ல இருந்து ரூமுக்கும், தினமும் கண்காட்சிக்கும் எப்படிப் போறது? துண்டு, பெட்ஷீட் சாம்பிள் 2 பொட்டி கையோட போகுது. சோத்துக்கும் ஒரு வழி சொல்லுங்க.

நொய்யல்கரை:
மைன்ஸ் நல்ல யோசனைதானுங்க. எஸ் 8ங்கற புறநகர் ரயில் மைன்ஸ், ஏர்போர்ட், பிராங்க்பர்ட் மெயின் ஸ்டேஷன் மூணையும் தொட்டுட்டுப் போகும். ஏர்போர்ட்ல ரெண்டு ஸ்டேஷன். டெர்மினல் 1க்கு அடியில இருக்கற 'ரேகியோனால்பான்ஹோஃப்' (பக்கத்து ஊர் ரயில் ஸ்டேஷன்)தான் உங்களுக்கு. இன்னொண்ணு தூரத்து ரயிலுக்கு. போர்டுல மைன்ஸ், வீஸ்பாடன்னு இருக்கோணும். எதிர்ப்பக்கம் ஏறினா பிராங்க்பர்ட்ல போய் நிப்பீங்க.

கண்காட்சிக்கு மெயின் ஸ்டேஷன்ல இறங்கி எஸ் 3, 4, 5, 6ல எது வந்தாலும் ஏறுங்க, 'மெஸ்ஸே' (கண்காட்சின்னு அர்த்தம்) ஸ்டேஷன் வளாகத்துக்கு நடுவுலயே விடும். யூ 4 மெட்ரோன்னா ஒரே ஸ்டாப், அது 1ஆம் ஹால் பக்கத்து வாசல். ஸ்டால் எந்த ஹால்னு பார்த்துட்டு ரயிலை முடிவு பண்ணுங்க, இல்லைன்னா உள்ளேயே நடந்து கால் ஓய்ஞ்சிரும்.

கண்காட்சி பாஸ்ல ஆர்.எம்.வி. (அந்த வட்டார ரயில், பஸ் அமைப்பு) பயணம் சேர்ந்திருக்குதான்னு முதல்ல பாருங்க. இல்லாட்டி 5 பேருக்கும் சேர்த்து ஒரே குரூப் நாள் டிக்கெட் மெஷின்லயே எடுக்கலாம். ஸ்டேஷன்ல கேட் கிடையாது, அதனால சும்மா ஏறிரலாம்னு தோணும். செக்கிங்ல மாட்டினா ஆளுக்கு 60 யூரோ.

பனியன்சிட்டி:
ரயிலை விடுங்க, ஆளை மடக்கறது அந்த 2 பொட்டிதான். 430 யூரோ வரைக்கும் வரி இல்லைங்கறது சொந்தச் சாமானுக்கும் அன்பளிப்புக்கும் மட்டும். வியாபாரச் சாம்பிளோட கஸ்டம்ஸ்ல பச்சை வழியில (காட்ட ஒண்ணுமில்லாதவங்க வழி) போகக் கூடாது, சாமானைக் காட்டற சிவப்பு வழிதான்.

முழுப் பீஸ் காட்டோணும்னா எஃப்.ஐ.சி.சி.ஐ. (இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பு) தர்ற ஏ.டி.ஏ. கார்னே எடுங்க, சாமானை வரி கட்டாம கொண்டுபோய்க் காட்டிட்டுத் திருப்பிக் கொண்டுவர்றதுக்கான கஸ்டம்ஸ் பத்திரம் அது. எண்ணிக்கை, எடை, மதிப்பு பட்டியல்ல இருக்கறபடியே பொட்டியிலயும் இருக்கோணும். போறப்ப ரெண்டு நாட்டு கஸ்டம்ஸ் முத்திரை, வர்றப்பவும் ரெண்டு. அங்கிருந்து வெளியேறின முத்திரை இல்லைன்னா பொருள் அங்கயே தங்கிட்டதா எடுத்துக்கிட்டு, பின்னால வரி கேப்பாங்க. பையர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் கார்னே பீஸைக் குடுத்துராதீங்க. குடுக்கறதுக்குன்னு தனியா, நடுவுல வெட்டுப் போட்டு அழியாத மையில 'சாம்பிள்'னு குத்தின பீஸ் வச்சுக்குங்க. வேற எதுக்கும் ஆகாத சாம்பிளுக்கு வரி விலக்கு உண்டு. ஓரத்துல சின்னதா வெட்டினா போதாது, மடிச்சுத் தைச்சுக்கலாமே!

மஞ்சமண்டி:
நெய், பால்கோவா, தயிர், கறி எதுவும் கொண்டுபோகக் கூடாது, பச்சைக் கருவேப்பிலையும்தான். கொள்ளுப்பொடி, பருப்புப்பொடி, முறுக்கு தாராளமா போகும். நம்மூர் உருண்டை மூணு பின் பிளக் அங்க செருகாது, அடாப்டர் வேணும். ரூம்ல தாளிக்கற வேலை வேண்டாம், புகை அலாரம் அடிச்சிரும். ஞாயித்துக்கிழமை கடை அடைப்பு. மெயின் ஸ்டேஷன், ஏர்போர்ட் கடைகதான் திறந்திருக்கும். குழாய்த் தண்ணி குடிக்கலாம். பாட்டில்ல வாங்கினா 25 சென்ட் டெபாசிட், காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போட்டா திரும்பக் கிடைக்கும். பொழுது 5 மணிக்குள்ளயே சாஞ்சிரும். மெயின் ஸ்டேஷன் எதிர்த் தெருக்கள்ல போனை உள்பையில வைக்கோணும்.

கரூர்த்தறி:
நன்றிங்க. திரும்பறப்ப கார்னே முத்திரை எங்க வாங்கறது?

பனியன்சிட்டி:
ஏர்போர்ட் கஸ்டம்ஸ்லதானுங்க, பொட்டி பெல்ட்ல போறதுக்கு முன்னால. கவுன்டர்ல 'கஸ்டம்ஸ்ல காட்டோணும்'னு முதல்லயே சொல்லிருங்க. அதிகாரி பொட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கலாம், அதனால வழக்கத்தைவிட 1 மணி நேரம் முன்னாடியே போயிருங்க.