கோலாலம்பூர், பினாங்குக்குப் புதிதாக வந்து சமூகப் பணியில் இறங்க நினைப்பவர்களுக்கு

வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஊரில் மாணவர் சங்கத்தில் இருந்தேன், போராட்டம் என்றால் முதல் ஆளாக நிற்பேன். இப்போது கோலாலம்பூரில் ஐடி வேலை. சனி, ஞாயிறு அறையிலேயே கிடக்கப் பிடிக்கவில்லை. மே தினப் பேரணிக்குப் போகலாமா? எந்த அமைப்பில் சேரலாம்?" இதே கேள்வி பலருக்கும் இருப்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பேரணி. தம்பி, போகாதீர்கள். 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம், 4ஆவது பிரிவு: குடிமக்கள் அல்லாதவர் பேரணி நடத்துவதும் குற்றம், கலந்துகொள்வதும் குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம். 2019இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். தெரு ஊர்வலத்துக்கு இருந்த தடையை எடுத்தார்கள், போலீசுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டிய காலத்தை 10 நாளிலிருந்து 5 நாளாகக் குறைத்தார்கள். அந்தத் தளர்வெல்லாம் குடிமக்களுக்கு. நமக்கான தடை அப்படியே இருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் பாஸ், மனைவி அல்லது கணவர் வழி வந்த பாஸ், ஏன், சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் நிரந்தரவாசிக்குக்கூட இதுதான் நிலை. பொது இடத்தில் மெழுகுவத்தி ஏற்றி நிற்கும் கூட்டமும் பேரணிக் கணக்கில்தான் வரும். "நான் ஓரமாக நின்று பார்க்கிறேன்" என்பார்கள் சிலர். படத்தில் விழுந்துவிட்டால் ஓரம் எது, நடு எது என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? அபராதத்தைக் கட்டிவிடலாம். பாஸைப் புதுப்பிப்பது குடிநுழைவுத் துறையின் கையில் இருக்கிறது, அதைத்தான் யோசிக்க வேண்டும்.

பேஸ்புக்கில் எழுதுவதிலும் கவனம் தேவை. 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் இணையப் பதிவுகள் பற்றிய 233ஆவது பிரிவும் இருக்கிறது. இனம், சமயம், அரசர் ஆகிய மூன்றையும் தொட்டு ஊரில் எழுதுவது போல இங்கே எழுதிவிட முடியாது.

சரி, அப்புறம் என்னதான் செய்வது? நிறைய இருக்கிறது. சொல்லப்போனால் ஆள் போதாமல் கிடக்கும் வேலையெல்லாம் தெருவில் இல்லை. லேபர் ஆபீஸ் வரிசையிலும், பதிவு இலாகா முகப்பிலும், அடுக்குமாடி வீடுகளின் கூடத்திலும்தான் இருக்கிறது. அங்கே தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த, பொறுமையாக உட்கார்ந்து கணக்குப் போடக்கூடிய ஒருவர் கிடைத்தால் பெரிய உதவி.

உணவகத் தொழிலாளர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து உணவகங்களிலும் மளிகைக் கடைகளிலும் வேலை செய்யும் நம் ஆட்கள் இங்கே ஏராளம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து இது பொருந்தும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இதே தொகைதான். 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் என்றால் ஓவர்டைம் கொடுக்க வேண்டும். ஒருவருடைய பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 2019இலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் பாதுகாப்பு உண்டு. சமையலறையில் எண்ணெய் கொட்டிக் கை வெந்தால் அதற்கு இழப்பீடு கேட்கலாம். இதில் ஒன்றுகூடத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பணிப்பெண்களை மட்டும் குறைந்தபட்சச் சம்பள ஆணையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். இது பெரிய அநியாயம், இங்குள்ள பெண்கள் அமைப்புகள் இதைத் தொடர்ந்து கேட்டு வருகின்றன.

லேபர் ஆபீஸில் புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் கணக்கு வேண்டும். நான் துணைக்குப் போன ஒரு தம்பிக்கு எட்டு மாதச் சம்பளத்தில் பாதிதான் கைக்கு வந்திருந்தது. முதலாளியும் தமிழர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரி மலாயில் கேட்கிறார்: எந்த மாதம், எவ்வளவு பாக்கி? இவர் தமிழில் சொல்கிறார்: "நிறைய மாசம் சார், சரியாவே தரல." அப்படிச் சொன்னால் அங்கே எடுபடாது. அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. தினமும் கடை திறந்த நேரத்தையும் அடைத்த நேரத்தையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார், பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. போனில் முதலாளி அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தன, வங்கியில் பணம் விழுந்த குறுஞ்செய்திகள் இருந்தன. மூன்றையும் வைத்து, மாதம், வேலை நேரம், வர வேண்டியது, வந்தது, பாக்கி என்று ஒரே தாளில் கட்டம் போட்டு எடுத்துப் போனோம். அதிகாரி அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் பேச்சே நகர்ந்தது. எக்செல் தெரிந்த ஐடி தம்பிகள் இதை அரை மணி நேரத்தில் செய்துவிடுவார்கள். நீங்கள் தேவைப்படும் இடம் இதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புகார் கொடுத்ததும் முதலாளி அவருடைய பாஸை ரத்து செய்துவிடக்கூடும். அப்போது வழக்கு முடியும் வரை நாட்டில் இருக்க ஸ்பெஷல் பாஸ் எடுக்க வேண்டும். அதில் வேலை செய்ய அனுமதி இல்லை. சம்பளம் கேட்டு வந்தவர் சம்பளமே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருப்பார். பலர் வழக்கைப் பாதியில் விட்டு ஊருக்கு ஏறுவது இதனால்தான். அந்த மாதங்களில் அரிசி, அறை வாடகை, பஸ் காசு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள நாலைந்து பேர் சேர்ந்தால் போதும், ஒருவர் கடைசிவரை நிற்பார். ஆனால் இப்படிப்பட்ட வழக்கை நீங்களாக நடத்தாதீர்கள். பெண்கள், வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமைக்காக உழைக்கும் தெனாகானித்தா போன்ற அனுபவமுள்ள அமைப்பிடம் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். அதைத் தொடங்கிய ஐரின் பெர்னாண்டஸ், தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் படும் பாட்டை 1995இல் அறிக்கையாக எழுதியதற்காக வழக்கைச் சந்தித்தார். 2003இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2008இல்தான் விடுதலை. 2014இல் இறக்கும் வரை அவர் ஓயவில்லை. அந்த அம்மா கட்டிய இடத்தில் கோப்புகளை அடுக்கி வைப்பதுகூட மரியாதையான வேலை என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது ஐசி பிரச்சினை. மலேசியத் தமிழரில் பிறப்புப் பத்திரமோ குடிமக்களுக்கான நீல ஐசியோ இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்றால் ஊரிலிருந்து வருபவர்கள் நம்புவதில்லை. மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்தவர்களாக இருப்பார்கள். தோட்டத்தில் வீட்டிலேயே பிரசவம், பதிவு செய்யவில்லை. தோட்டம் மூடியதும் பேரேடுகள் போய்விட்டன. பாட்டியின் அட்டையில் லெட்சுமி, பிள்ளையின் பத்திரத்தில் லெச்சிமி என்று எழுத்தர் காதில் விழுந்தபடி பெயர். ஐசி இல்லையென்றால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம். வங்கிக் கணக்கு, முறையான வேலை, கல்யாணப் பதிவு எல்லாமே இழுபறி. அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் குடியுரிமை கேட்டு உள்துறை அமைச்சுக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா என்ற தொண்டு அமைப்பு இதில் நீண்ட காலமாக உழைத்து வருகிறது. பிபிஆர் என்ற அரசு மலிவு வீட்டு அடுக்குமாடிகளில் முகாம் போட்டால் குடும்பங்கள் பிஸ்கட் டப்பாவோடு வருவார்கள். அதற்குள் கோயில் கல்யாணப் பத்திரிகை, தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ், தாத்தாவுக்கு ஊரிலிருந்து வந்த கடிதம் என்று எல்லாம் இருக்கும். அந்தப் பழைய தமிழ்க் கையெழுத்தைப் படித்துத் தேதியையும் ஊரையும் எடுத்துக் கொடுப்பதற்கு நீங்கள் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை.

ஐசி பிரச்சினையோடு ஒட்டிய இன்னொரு கேள்வி. பினாங்கில் கல்யாணமாகி வந்திருக்கும் ஒரு தங்கை கேட்டார்: "எங்களுக்குக் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. பரவாயில்லையா?" அம்மா, எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் பதிவு செய்யுங்கள். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதிவது இங்கே கட்டாயம். கணவர் மலேசியர், மனைவி இந்தியர், பிரசவத்துக்கு முன் திருமணம் பதிவாகவில்லை என்றால் பிள்ளைக்குத் தகப்பன் வழியாகக் குடியுரிமை வராது. பிறகு பதிவு செய்தாலும் தானாகச் சரியாகிவிடாது. உங்களைப் போல வந்திருக்கும் மற்ற பெண்களிடமும் இதைச் சொல்லுங்கள். வீட்டில் அடி, மிரட்டல் என்று எதுவும் இருந்தால் பினாங்கில் பெண்கள் மாற்றத்துக்கான மையம் இருக்கிறது. கோலாலம்பூர்ப் பக்கம் 1982இலிருந்து பெண்கள் உதவி நிறுவனம் இருக்கிறது. நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் 15999 என்ற தாலியான் காசே (அரசு உதவித் தொலைபேசி) எண்ணை அழைக்கலாம்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்கள். ஒன்று, பினாங்கு பயனீட்டாளர் சங்கம். 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல பத்தாண்டுகள் தலைமை தாங்கி வளர்த்தது. விலை மோசடியிலிருந்து தோட்டத் தொழிலாளர் பிரச்சினை வரை சாதாரண மக்கள் நேரே போய்த் தமிழிலேயே முறையிடலாம். இன்னொன்று 1977இல் தொடங்கிய அலிரான். ஜனநாயகம், மனித உரிமை பற்றி அந்த அமைப்பு வெளியிடும் கட்டுரைகளைப் படித்தாலே நாட்டு நடப்பு புரிந்துவிடும். கோலாலம்பூரில் சுவாராம் என்ற மனித உரிமை அமைப்பு இருக்கிறது. 1987இல் லாலாங் நடவடிக்கையில் விசாரணை இல்லாமல் பலரைப் பிடித்து அடைத்த பிறகு, 1989இல் உருவான அமைப்பு. போலீஸ் காவலில் நேரும் மரணங்களை அவர்கள் ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுகிறார்கள். இறந்தவர்களின் பெயர்களில் நம்மினப் பெயர்கள் எவ்வளவு என்று பாருங்கள், மனம் கனத்துப் போகும். மண்டபத்தில் நடக்கும் கருத்தரங்கு, நூல் விவாதம், பயிற்சி வகுப்பு ஆகியவற்றுக்கு வெளிநாட்டவர் வரலாமா என்று ஏற்பாட்டாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். அவர்களுக்குச் சட்டம் நன்றாகத் தெரியும், மறைக்காமல் சொல்வார்கள்.

பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது, வீடற்றவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது, தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் என்று வேறு வேலைகளும் உண்டு. அகதிப் பிள்ளைகளின் கற்றல் மையங்களில் ஆசிரியர் பற்றாக்குறை எப்போதும் இருக்கிறது. மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் சேராததால் அந்தப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி கிடையாது. போவதானால் குறைந்தது ஒரு பருவமாவது நின்று சொல்லிக் கொடுங்கள். இரண்டு வாரம் வந்து படம் எடுத்துப் போகிறவர்களைப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

இங்குள்ள தமிழரின் போராட்ட வரலாற்றைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதை அழுத்தியே சொல்கிறேன். புக்கிட் பிந்தாங்கில் லாலாபோர்ட் மால் இருக்கும் வளாகம் முன்பு புடு சிறை. தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து, மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949இல் தூக்கிலிட்டது அங்கேதான். 2007 நவம்பர் 25 அன்று ஹிண்ட்ராப் என்ற இந்து உரிமை இயக்கத்தின் அழைப்பில் ஆயிரக்கணக்கான தமிழர் கோலாலம்பூர் தெருக்களில் கண்ணீர்ப் புகையையும் தண்ணீர் பீரங்கியையும் தாங்கி நின்றார்கள். பினாங்கில் கம்போங் புவா பாலா என்ற தமிழர் கிராமத்தை 2009இல் இடித்தார்கள். மாடு வளர்த்து வாழ்ந்த குடும்பங்கள் அவை. இதையெல்லாம் கடந்து வந்த அண்ணன், அக்காமார்தான் இன்று அமைப்புகளை நடத்துகிறார்கள். அவர்களிடம் போய் "ஊரில் நாங்கள் எப்படிச் செய்வோம் தெரியுமா" என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் சில மாதம் நாற்காலி போடுங்கள், காதால் கேளுங்கள், மலாய் படியுங்கள். படிவம் எல்லாம் மலாயில்தான் இருக்கும். நம்மூர்க் கட்சிச் சண்டையும் சாதிச் சங்கமும் இங்கே வேண்டவே வேண்டாம்.

தம்பி, நீங்கள் செந்தூலில் இருப்பதாகச் சொன்னீர்கள். மே தினத்தன்று வீட்டில் இருந்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை ஒரு அமைப்புக்கு மின்னஞ்சல் போடுங்கள். உங்கள் பாஸ் எந்த வகை, வாரத்துக்கு எவ்வளவு நேரம் தர முடியும், தமிழில் தட்டச்சும் எக்செல்லும் தெரியும் என்று மூன்று வரி எழுதினால் போதும். சம்பளமில்லாத தொண்டுதான் என்பதையும் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள், பாஸில் குறித்திருக்கும் வேலையைத் தவிர வேறெதற்கும் காசு வாங்கக் கூடாது. மற்றவர்கள் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். ஆனால் உதவி தேவைப்படும் தொழிலாளியின் பெயரையோ கடைப் பெயரையோ பாஸ்போர்ட் படத்தையோ இங்கே பொதுவில் போட வேண்டாம், தனிச் செய்தியில் அனுப்புங்கள்.